நாலு நூல்

ஆடியில் நடந்தது. கார்த்திகை வந்துவிட்டது, இன்னும் மனசு அதை விட்டபாடில்லை. ராத்திரி லேத்தை நிறுத்திவிட்டு மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவும்போதெல்லாம், ஒரு மேட்டில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற சோமனூர்க்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். ஒரு கையில் அறுந்த செயின். அவர் கேட்டது ஒரு துளிச் சாமான். நான் சொன்னது "இல்லீங்க தம்பி." அவ்வளவுதான் சம்பவம். யாருக்கும் அடிபடவில்லை, சண்டை இல்லை, பெரிய காசு நட்டமும் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். அதனாலேயே இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் ஊர்ப்பேர்தான் ஓடும். தறிக்குடோன் வைத்திருக்கிறார், என்னைவிட 4 வயது இளையவர், என்னை "அண்ணா" என்பார். நான் கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். ஞாயிறு விடிகாலையில் ஏழெட்டுப் பேர் சூலூர் குளத்துக் கரையில் கூடி, கிழக்கே மண்தடம் பார்த்து மிதிக்கப் போவோம். மிதிப்பது இரண்டு மணி நேரம். அதைப் பற்றிப் பேசுவது மூன்று மணி நேரம்.

அந்தப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் சைக்கிள் பேச்சு என்பது மெஷின் பேச்சுதான். கூட்டத்தில் பாதிப்பேர் பம்பு, மோட்டார், வார்ப்படம், கிரைண்டர் என்று ஏதோ ஒரு இரும்போடு பிழைப்பவர்கள். முன்சக்கரத்தில் பேரிங் சத்தம் போடுகிறது என்று ஒருவர் சொன்னால், மற்ற ஊரில் கடைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். இங்கே ரப்பர் சீலை நகத்தால் நெம்பி, நம்பரைப் படித்து, "6902ங்க. உள்ள 15, வெளிய 28, கனம் 7. சைக்கிள் பேர் போட்ட டப்பாவுல வாங்காதீங்க, பேரிங் கடையில போய் நம்பரச் சொல்லுங்க" என்று தீர்ப்பு வந்துவிடும். பிரேக் எண்ணெய் பற்றி ஒரு ஞாயிறு முழுக்க ஓடியிருக்கிறது. ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் கம்பெனியில் பலதுக்கு டாட் எண்ணெய், ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப்போகும் என்பது வரை எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஒத்துக்கொண்டபின் நிற்பதற்கு அது என்ன பஞ்சாயத்தா? 26 அங்குலச் சக்கரத்தை எதற்கு ஒழித்தார்கள், 29 வந்ததால் நம்ம உயரத்துக்கு என்ன லாபம் என்ற வழக்கு எனக்குத் தெரிந்து ஆறு வருடமாக நடக்கிறது. வாதி ஒருவர் 29 வாங்கிவிட்டார். வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். எங்கள் ஆண்களுக்கு வேறு பேச்சு வராது. ஒருவருக்குப் பாகப்பிரிவினைத் தகராறு, இன்னொருவருக்கு ஆர்டர் நின்றுபோய் வங்கிக்காரன் வாசலில் நிற்கிறான். அதெல்லாம் டீக்கடையில் வெளியே வராது. "டயர்ல காத்து எவ்ளோ வெச்சிருக்கறீங்க?" என்று கேட்பதுதான் "எப்படி இருக்கறீங்க?" என்பதற்கு இங்கே புழங்குகிற சொல்.

இட்டேரியும் கிளுவை முள்ளும்

மலைச் சைக்கிள் என்று பெயர் வைத்திருந்தாலும் நாங்கள் மலையில் ஓட்டுவது அபூர்வம். மேற்கே மலை இருக்கிறது, ஆனால் அது காடு, யானைத் தடம். அனுமதி இல்லாமல் உள்ளே சக்கரத்தை விடக்கூடாது, விடவும் மாட்டோம். எங்களுக்கு மலை என்பது கரடு, சின்னக் குன்று. தடம் என்பது இட்டேரி. வெளிநாட்டுக்காரன் சிங்கிள் டிராக் என்று படம் பிடித்துப் போடுகிறானே, இரண்டு பக்கமும் வேலி நெருக்க நடுவில் ஒரு ஆள் போகிற தடம், அது எங்கள் அப்புச்சி மாட்டை ஓட்டிக்கொண்டு போன இட்டேரிதான். பல்லடம் தாண்டிக் காங்கயம் பக்கம் போனால் கொறங்காடு ஆரம்பிக்கும். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மாடு மேய்கிற அந்தக் காட்டுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டினால் எது நடக்குமோ அது நடக்கும்: முள். பழைய டியூப் காலத்தில் ஒரு சவாரிக்கு மூன்று பஞ்சர் சாதாரணம். டியூப்லெஸ் வந்தபின்தான் நிம்மதி. டயருக்குள் ஊற்றுகிற அந்தப் பால், எருக்கம்பால் மாதிரி ஓட்டையில் வந்து காற்று பட்டதும் உறைந்து அடைத்துக்கொள்ளும். என்ன, நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துபோகும். டப்பாவில் போட்டிருக்கிற கணக்கை நம்பாமல் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டே சாமான் பழுதாகிப் பிறந்ததுதான். 1976இல் கலிபோர்னியாவில் சில பேர் குப்பையில் கிடந்த பழைய கனத்த சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு மலைமேல் போய், மண்சாலையில் யார் முதலில் இறங்குவது என்று பந்தயம் வைத்தார்கள். பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு தடவை இறங்குவதற்குள் சக்கர நடுவில் ஹப்பில் இருக்கிற கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர். இருபது வருடத்தில், 1996இல், அது அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன்காரர் டாம் பிட்காக் முன்சக்கரம் பஞ்சராகி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு பின்னால் இருந்து வந்து தங்கம் வாங்கினார். அடுத்த ஞாயிறு எங்கள் டீக்கடையில் அவர் ஓட்டியதைப் பற்றி யாரும் பேசவில்லை. டயரில் காற்று எவ்வளவு இருந்திருக்கும் என்பதுதான் பேச்சு.

வெட்டினது நான்

சோமனூர்க்காரர் ஆனியில் 12 கியருக்கு மாறினார். பெங்களூரில் இருந்து பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார், முன்னாலும் பின்னாலும் ஷாக் உள்ளது. பின்னால் 10 பல்லில் இருந்து 51 பல் வரை 12 வட்டு, முன்னால் 32 பல்லில் ஒன்றே ஒன்று. 10 பல் வட்டு பழைய ஹப்பில் உட்காராது என்பதால் ஹப்பில் வட்டுகள் கோக்கிற ஃப்ரீஹப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் என் பட்டறையில் வைத்து மாட்டினோம். மாட்டியது நான், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது அவர். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, ஒரு பார்ட்டி வேறு டெலிவரிக்கு வந்து நின்றுகொண்டிருந்தான். செயினை அளந்து வெட்டுகிற இடத்தில் தப்பு செய்தேன். பின் ஷாக் உள்ள சைக்கிளில், ஷாக்கை முழுசாக அமுக்கிப் பார்த்து, பின்சக்கரம் எங்கே தூரமாகப் போகிறதோ அங்கே வைத்து நீளம் அளக்க வேண்டும். எனக்குத் தெரியும். பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அமுக்கவில்லை. வெட்டி மாட்டிவிட்டுச் சீட்டில் உட்கார்ந்து அழுத்தினால் செயின் வீணைத்தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது.

வெட்டிய துண்டில் ஒரு அங்குலத்தைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். அதற்கு இன்னொரு லிங்க் வேண்டும். கண்ணிகளைக் கோக்கிற பின்னை, அந்தச் சின்ன ஆணியை, அடிக்காமலே செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற தனிக் கண்ணி அது. செயினோடு டப்பாவில் வந்த ஒன்று ஏற்கெனவே மறுமுனையில் ஏறிவிட்டது. அவர், "இன்னொரு லிங்க் வாங்கிட்டு வந்து நாளைக்குப் போட்டுக்கலாமுங்ளா?" என்று நிதானமாகத்தான் கேட்டார். நான், தப்பு செய்தவன், "எதுக்குங்க லிங்க்கு? பழைய பின்னையே அடிச்சு உட்டா புதுசு மாதிரி நிக்கும். இருவத்தஞ்சு வருசமாப் பின் அடிக்கறேன்" என்றேன். செயின் டூலில் வைத்துத் திருகினேன். பின் உள்ளே போனது. விரலால் மடக்கிப் பார்த்தேன், இளக்கமாக இருந்தது. அவருக்குத் திருப்தி.

இருபத்தைந்து வருடம் என்பது பொய்யில்லை. ஆனால் எந்தச் செயினில்? சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையில் அரை அங்குலம், 12.7 மில்லி. எங்கள் அய்யன் கணக்கில் நாலு நூல். அவருடைய ஹெர்குலிஸில் இருந்து இன்றைய 12 கியர் வரை இந்த நாலு நூல் மாறவே இல்லை. மாறியது அகலம். 8 கியர் செயினின் வெளி அகலம் 7 மில்லிக்கு மேல் இருக்கும், 12 கியரில் ஐந்தேகால் சொச்சம். அகலச் செயினில் பின் தகட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், தள்ளிவிட்டுத் திரும்ப அடித்தாலும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய செயினில் நீட்ட இடமில்லை. பின்னின் முனையை ரிவிட் மாதிரி நசுக்கி அகட்டியிருப்பார்கள், அந்த மயிரளவு அகட்டல்தான் தகட்டைப் பிடித்திருக்கிறது. ஒருமுறை வெளியே தள்ளினால் அது வழிந்துபோகும், தகட்டின் ஓட்டையையும் சுரண்டிக்கொண்டு வரும். அப்புறம் எவ்வளவு நேராக அடித்தாலும் அது சும்மா நிற்கிற பின்தான்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வாயில் இருந்து வந்துவிட்டதே. அடுத்த ஞாயிறு டீக்கடையில் யாரோ லிங்க் பேச்சை எடுத்தார்கள். சோமனூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்ய? "லிங்க்குங்கறது யாவாரம். பின் அடிக்கத் தெரியாதவனுக்குத்தான் லிங்க்கு" என்றேன். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் பலமாகச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு அது என் கொள்கை ஆகிவிட்டது. 26ஐயும் 29ஐயும் வைத்து ஆறு வருடமாகச் சண்டை போடுகிறவர்களும் இப்படி ஏதாவது ஒரு தப்பான நட்டை மறைக்கத்தான் ஆரம்பித்தார்களோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

பள்ளத்து மேடு

பந்தயம் காங்கயம் பக்கம், ஒரு தோட்டத்துக்காரர் தன் கொறங்காட்டை ஒருநாள் விட்டுக்கொடுத்து நடந்த சின்னப் பந்தயம். 7 கிலோமீட்டர் சுற்று, 4 தடவை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் 17 பேர். கடவில் இருந்து கிளம்பி, இட்டேரியில் புகுந்து, தண்ணி இல்லாத பள்ளத்தில் இறங்கி, மணலில் உழன்று, எதிர்க்கரையில் சரளை மேட்டில் ஏற வேண்டும். அந்த ஏற்றம் நேர் மேற்கே பார்த்தது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று எப்படி இருக்கும் என்று பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் முகத்தில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

முதல் இரண்டு சுற்றும் சோமனூர்க்காரர் எனக்கு முன்னால். எப்போதும் அப்படித்தான், அவர் என்னைவிட நன்றாக ஓட்டுவார். மூன்றாவது சுற்றில் நான் மணலைத் தாண்டித் தலையைத் தூக்குகிறேன், மேட்டுப் பாதியில் ஓரமாக நிற்கிறார். செயின் பாம்புச்சட்டை மாதிரி கையில் தொங்குகிறது.

75 கிலோ ஆள் ஒருவர் எழுந்து நின்று ஒற்றைக்காலில் மிதித்தால் செயினில் எவ்வளவு இழுவை வரும் என்று அப்புறம் ஒருநாள் கணக்குப் போட்டேன். மிதிகட்டையின் கை 170 மில்லி, 32 பல் வட்டின் ஆரம் ஏறக்குறைய 65 மில்லி. கிட்டத்தட்ட 200 கிலோ. நாலு சிமெண்ட் மூட்டை. நேராக இழுத்தால் அடித்த பின்கூடத் தாங்கிவிடும். கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் வளைந்து ஏறும், அப்போதுதான் தகடு பின்னை விட்டுக் கழன்று வரும். கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. எந்தக் கண்ணி விட்டிருக்கும் என்று பள்ளத்தில் இருந்து பார்க்கும்போதே எனக்குத் தெரியும்.

"அண்ணா, லிங்க் ஏதாச்சும் வெச்சிருக்கறீங்ளா?"

கோபமாகக் கேட்கவில்லை. கேலியும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, வழி கேட்கிற மாதிரி கேட்டார். விரல் முழுக்கக் கருப்பு மசி, நெற்றியில் ஒரு இடத்தில் அப்பியிருந்தது.

"இல்லீங்க தம்பி" என்றேன். மிதியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த மேட்டில் திரும்பக் கிளம்ப முடியாது என்பது உண்மைதான்.

மேட்டைத் தாண்டினால் கல் இறக்கம். சீட்டுக்குப் பின்னால் தொங்குகிற பைக்குள் எங்கம்மாவின் பழைய வெற்றிலைச் சுருக்குப்பை ஒன்று வைத்திருக்கிறேன், சில்லறைச் சாமான் போட. ஒவ்வொரு கல்லுக்கும் அதற்குள் இருந்து கிலுங், கிலுங் என்று சத்தம். லிங்க் என்பது இரண்டு பாதி, மாட்டும்வரை தனித்தனியாகத்தான் கிடக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற சத்தம். மேட்டில் ஏறும்போதும் அது கேட்டிருக்குமா? காற்று பலமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று மேற்கில் இருந்து அடித்தது, நான் அவரைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன்.

பின் அடித்துக் கொடுத்த இரண்டாவது நாளே அந்த லிங்க்கை வாங்கிவிட்டேன். 12 கியர் லிங்க். என் சைக்கிள் 10 கியர். அந்தச் சாமானால் எனக்கு ஒரு உபயோகமும் கிடையாது, என் செயினில் அது ஏறாது. அவருக்காகத்தான் வாங்கினேன், கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்றுதான். கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார். அந்த ஞாயிறுதான் நான் டீக்கடையில் முதல் தடவை பேசியது. அப்புறம் அது சுருக்குப்பையிலேயே கிடந்துவிட்டது. ஆக, அந்தக் கொறங்காட்டில் அவருடைய செயினுக்கென்றே வாங்கிய சாமானைச் சுமந்துகொண்டு, அவரிடமே இல்லை என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் போனேன். 9ஆவது வந்தேன். ஒரு இடம் முன்னேற்றம். அந்த இடத்துக்காகத்தான் சொன்னேனா, கொள்கைக்காகவா என்று கேட்டால், இடத்துக்காக என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அது கொஞ்சம் மானமுள்ள காரணம்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துசேர்ந்தபோது பொங்கல் தீர்ந்துபோய் உப்புமா ஓடிக்கொண்டிருந்தது. என்னாச்சு என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "மேட்டுல கியர் மாத்தறப்ப அழுத்தி மிதிச்சுட்டனுங்க. என்ற தப்புத்தான்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். திங்கட்கிழமை பட்டறைக்கு வந்து, புதுச்செயினை அவரே வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டு, பழசை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "சும்மா பாருங்கண்ணா, உங்களுக்குப் புடிக்குமே" என்றார். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். தகட்டு ஓட்டையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டின கீறல், திருகாணி மாதிரி வரி வரியாக. டூலில் நான் சற்றே கோணலாகத் திருகியதன் தடம் அது. என் கையெழுத்தை நானே படிக்கிற மாதிரி இருந்தது.

இது இப்படியே மங்கிப்போயிருக்கும். போன ஞாயிறு புதுசாக ஒரு பையன் வந்தான், காலேஜ் படிக்கிறவன். அவனுக்கும் 12 கியர், செயின் நீளம் பத்தவில்லை, ஒரு துண்டு சேர்க்க வேண்டும். லிங்க் வாங்கணுமா, பழைய பின்னையே அடிச்சுக்கலாமா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சோமனூர்க்காரர், "பின்னே போதுங் தம்பி. அண்ணனே அடிச்சுக் குடுப்பாரு. எனக்கும் அவருதான் அடிச்சாரு, அன்னைக்கு நான் மிதிச்ச மிதிக்கு எதுவுமே நின்னிருக்காது" என்றார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா, இல்லை நாலு மாதமாகக் காத்திருந்து சொல்கிறாரா, எதுவும் தெரியவில்லை. பையன் என்னைப் பார்க்கிறான்.

நான் எழுந்து போய், சீட்டுப் பையைத் திறந்து, சுருக்குப்பையை உதறினேன். மேஜையில் இரண்டு பாதியும் விழுந்தன. நாலு மாதம் உரசி உரசிப் பளபளப்பு போய் ஓரம் மங்கியிருந்தது. "பின் வேண்டாங் கண்ணு. அது நிக்காது. இதப் போட்டுக்க" என்றேன்.

சோமனூர்க்காரர் ஒரு பாதியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"12ங்ளாண்ணா?"

"ஆமாங்க."

புளியமரத்தில் சாய்த்திருந்த என் சைக்கிளைப் பார்த்தார். பின்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தறிக்காரர், நூலை எண்ணிப் பழகின கண். அப்புறம் அதைப் பையனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் திரும்பி, எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார்.